துணிக்கொடியும் ஒரு வருஷக் கெடுவும்

என் வலது கையைப் பிடித்துச் சுருக்கியது செத்துப்போன ஒரு பெண் என்று ஒரு வருஷமும் எட்டு நாளும் நம்பிக்கொண்டிருந்தவன் நான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அப்போது நான் என்ன உத்தியோகம் பார்த்தேன் என்பதையும் சொன்னால் வெட்கம் இரட்டிப்பாகும்.

மைசூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். என் பொறுப்பில் சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு நோட்டு உண்டு. எந்த வழக்கை எந்தத் தேதிக்குள் கோர்ட்டில் போட வேண்டும் என்பது அதில் இருக்கும். கெடு தாண்டிவிட்டால் எவ்வளவு நியாயமான வழக்கும் செல்லாது. நிலத்துக்கு ஒரு கெடு, பத்திரத்துக்கு ஒரு கெடு. உடம்பில் பட்ட காயத்துக்கு நஷ்டஈடு கேட்பதென்றால் ஒரே ஒரு வருஷம். அதையும் காயம் பட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும்; யாரால் பட்டது என்று காயப்பட்டவனுக்குப் புரிந்த நாளிலிருந்து எண்ண முடியாது. கெடு தாண்டி வரும் கட்சிக்காரர்களிடம், "உங்க கேசுக்கு நேத்தே கருமாதி முடிஞ்சுதுங்க. இன்னைக்கு வந்து எழவு கேக்கறீங்களே" என்பேன். உள்ளறையில் வக்கீல் சிரிக்கும் சத்தம் கேட்கும். கட்சிக்காரர் யாரும் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

மண்டி மொகல்லாவில் அந்த வீட்டுக்குக் குடிபோனபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. வீட்டுக்காரர் நான் பேரம் பேசுவதற்கு முன்பே வாடகையில் இறங்கி வந்தார். என் பேச்சுத் திறமைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். பின்பக்கம் ஒரு முற்றம். முற்றத்தின் அந்தக் கோடியில் மாவு மில்லின் சுவரும் அதன் தகரக் கூரையும். சுவரில் அறைந்த கொக்கியிலிருந்து இந்தப் பக்கம் நட்ட மரக்கட்டை வரைக்கும் துணி காயப்போட ஓர் இரும்புக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. நல்ல முறுக்கான கம்பி. ஒரு குடும்பத்தின் துணி முழுவதையும் தாங்கும்.

குடிபோன மறுநாள் என் மனைவி ஈரப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு அதை நோக்கி நடந்தாள். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கூவினாள்.

"அய்யோ தேவரே! அந்தக் கம்பிக்கு கை போட பேடம்மா! அதிலே அவ இருக்கா."

"யாருங்க இருக்கறது?"

"உங்களுக்கு முன்னே இருந்தவ. துணி போடறப்பவே செத்துப்போனா. நின்னபடியே! கையை விடலே. கண்ணு தெறந்தே இருந்தது. டாக்டர் எதயம் நின்னுபோச்சுன்னாரு. அவ புருஷன் வீட்டைக் காலி பண்ணிட்டு குண்டலுபேட்டைக்குப் போயிட்டான். இவ போகலே."

என் மனைவி புடவையை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். வாசல் பக்கம் தேங்காய் நார்க் கயிறு கட்டித் துணி காயப்போட்டோம். நான் அவளைக் கிண்டல் செய்தேன். "வாடகை நாம குடுக்கறோம், குடியிருக்கறது அவளா? கோர்ட்டுல சொல்லிக் காலி பண்ண வெச்சுரலாம்" என்றேன்.

கிண்டல் ஒரு மாதம் தாங்கியது. அதற்குள் அந்த முற்றத்தில் சில விஷயங்களைப் பார்த்துவிட்டேன். மழை பெய்து ஓய்ந்த பகல்களில் கம்பிக்குப் பக்கத்தில் போனால் மிக மெல்லிய முனகல் கேட்கும். வாயை மூடிக்கொண்டு யாரோ தாலாட்டுப் பாடுவது போல. ஒருநாள் புறங்கை தெரியாமல் கம்பியில் உரசியது. எறும்பு வரிசை ஒன்று தோள் வரைக்கும் ஓடி இறங்கியதுபோல் இருந்தது. தெருப்பூனை ஒன்று மழையில் நனைந்து, ஈரச் சுவரில் பின்னங்காலை ஊன்றி, முன்னங்காலைக் கம்பிமேல் வைத்தது. அது போட்ட சத்தம் பூனைச் சத்தமாக இல்லை. அதற்குப் பிறகு அது எங்கள் தெருவுக்கே வரவில்லை. ஆனால் குருவிகள் அதே கம்பியில் வரிசையாக உட்கார்ந்து இறகு கோதும். அவற்றை அவள் ஒன்றும் செய்வதில்லை. அந்தக் குருவிகளைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

இன்னொன்று. அவள் பகலில்தான் இருந்தாள். காலை பத்து மணி சுமாருக்கு முனகல் தொடங்கும். நடுப்பகலில் கொஞ்ச நேரம் நிற்கும். சாயங்காலம் ஐந்தரைக்கு அடங்கிவிடும். விளக்கு வைத்த பிறகு அந்த முற்றத்தைப்போல் அமைதியான இடம் மைசூரிலேயே கிடையாது. அமாவாசையன்று பகலிலும் சத்தமே இருக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் மில் எப்போது ஓடுகிறது, எப்போது சாப்பாட்டுக்கு நிறுத்துகிறார்கள், எந்த நாள் விடுமுறை என்று யோசிக்க ஓர் ஆள் போதும். யோசிக்கிற உத்தியோகம் வக்கீலுடையது, எழுதுகிற உத்தியோகம்தான் என்னுடையது என்று இருந்துவிட்டேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் கோர்ட்டுக்கு லீவு. பகல் பதினொரு மணி இருக்கும். இரண்டு நாள் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. என் ஒரே கறுப்புக் கோட்டைத் துவைத்து வாசல் கயிற்றில் போட்டிருந்தாள். காற்றில் அது பறந்து, ஓட்டுக்கு மேலே போய், பின்முற்றத்தில் அந்தக் கம்பியில் போய்த் தொங்கியது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரியே இருந்தது. கோட்டு இல்லாமல் கோர்ட்டுக்குப் போக முடியாது. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கோட்டைத்தான் பிடித்தேன். கோட்டோடு கம்பியும் கைக்குள் வந்துவிட்டது.

பிடித்தது நான்தான். அடுத்த கணமே அது என்னைப் பிடித்தது. விரல்கள் தாமாக மூடின. விடு என்று கைக்குச் சொல்கிறேன், கை கேட்கவில்லை. அது என் கையாகவே இல்லை. பல் கிட்டிவிட்டது. கூப்பிட வாய் திறக்கவில்லை. தொண்டைக்குள் ஒரு முனகல் மட்டும் வந்தது. வாயை மூடிக்கொண்டு தாலாட்டுப் பாடும் அதே முனகல். அது அவளுடையதென்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது என் தொண்டையிலிருந்து வந்தது. கண்ணுக்கு எதிரே குருவி ஒன்று கம்பியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

என் மனைவி வந்தாள். சமையலறையில் இருந்த உலக்கையோடு வந்தாள். பேயை அடிப்பதற்காகத்தான் கொண்டுவந்தாளாம். மணிக்கட்டின்மேல் விழுந்த அடியில் நான் தண்ணீருக்குள் போய் விழுந்தேன். உள்ளங்கையில் கருகிய கோடு ஒன்று. சுண்டுவிரலும் அதற்கடுத்த இரண்டும் மடங்கியவை மடங்கியபடியே நின்றுவிட்டன. இதில் பேயின் பங்கு எவ்வளவு, உலக்கையின் பங்கு எவ்வளவு என்று நான் அவளிடம் கேட்டதே இல்லை.

சத்தம் கேட்டு மில்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். சேலத்துப் பக்கத்து மனுஷர், எங்களோடு தமிழில்தான் பேசுவார். என் கையைப் பார்த்தார், பிறகு கம்பியைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"ஏன் சார், எங்க ஒயர் கியர் எதாவது இதுல படுதோ என்னமோ. ஆளை விட்டுப் பாக்கச் சொல்லட்டுமா?"

நான் தண்ணீரில் உட்கார்ந்தபடியே கை எடுத்துக் கும்பிட்டேன். மடங்கிய விரல்களோடு எடுத்த முதல் கும்பிடு அதுதான்.

"வேண்டாமுங்க! ஆளைக் கீளை விட்டு அவளைச் சீண்டிப் போடாதீங்க. உங்க ஆளையும் புடிச்சுக்குவா."

"அப்படீன்னா சரி சார்" என்று அவர் தலை மறைந்தது. கொஞ்சம் வேகமாகவே மறைந்தது.

ஆஸ்பத்திரியில் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். சுடுதண்ணீர் கொட்டிவிட்டது என்றேன். பேய் என்று சொன்னால் விஷயம் கோர்ட் வளாகம் முழுவதும் பரவிவிடும். அத்தனை வருஷமாக நான் மற்றவர்களைச் செய்த கிண்டலெல்லாம் வட்டியோடு திரும்பி வரும். டாக்டர் உள்ளங்கையில் கருகியிருந்த கோட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு, சுடுதண்ணீர் என்று எழுதிக்கொண்டார்.

கட்டுப் பிரித்ததும் கொள்ளேகாலுக்கு பஸ் ஏறினேன். என் சொந்த ஊர் அது. அப்போது அது மைசூர் ராஜ்யத்தைச் சேர்ந்ததல்ல, எல்லைக்கு அந்தப்புறம் கோயமுத்தூர் ஜில்லா. மந்திரம், ஏவல், தகடு என்றால் மைசூர்க்காரர்கள் எல்லோரும் போகிற ஊர். அந்த ஊர்க்காரனாகப் பிறந்ததால், அதையெல்லாம் நம்பமாட்டேன் என்று மைசூரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று தலையைக் குனிந்துகொண்டே பார்த்தேன்.

மந்திரவாதி மூக்குக்கண்ணாடி போட்ட சாதுவான மனுஷர். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த நேரத்துல இருக்காளுங்க?"

"பத்து மணியிலிருந்து அஞ்சரைங்க."

"அமாவாசைக்கு?"

"அன்னைக்குச் சத்தமே இல்லீங்க."

"இருக்காதுங்க. அன்னைக்குச் சுடுகாட்டுக்குப் போயிருவா." அவர் ஒரு கறுப்புக் கயிற்றை என் மணிக்கட்டில் கட்டி மூன்று முடிச்சுப் போட்டார். "ஒரு வருசத்துக்கு இது கையில இருக்கோணும். அது வரைக்கும் இந்த விசயத்தை ஒருத்தர்கிட்டயும் வாய் தொறந்து சொல்லப்படாது. பொண்டாட்டிகிட்டக்கூடப் பேசப்படாது. கேட்டவங்களையும் அது புடிச்சுக்கும். அப்பறம், அந்தக் கம்பியத் தொடாதீங்க."

கடைசியாகச் சொன்னது நல்ல யோசனை.

ஒரு வருஷம் என்று அவர் சொன்னபோது என் தலைக்குள் ஏதாவது மணி அடித்திருக்க வேண்டும். அந்த வார்த்தையை எத்தனை முறை சிவப்பு நோட்டில் எழுதியிருக்கிறேன்! அடிக்கவில்லை. பேய்மேல் யார் வழக்குப் போடுவார்கள்?

வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் வேறு இரண்டு பேர் குடியிருப்பதுபோல் நடந்துகொண்டோம். என் மனைவி தினமும் காலையில் அந்த மரக்கட்டையின் அடியில் பூ வைத்தாள், பத்து மணிக்கு முன்னால். நடுப்பகலில் முனகல் நிற்கும்போது சாப்பிடப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நாங்களும் சாப்பிட உட்காருவோம். சோறு போடும்போது அவள் கண் ஒருமுறை பின்கதவுக்குப் போய் வரும். என் கண்ணும் போய் வரும்.

ஆபீசில் இடது கையால் எழுதப் பழகினேன். இரண்டு மாதத்தில் எழுத்து வந்துவிட்டது. ஆனால் அது என் எழுத்தாக இல்லை. உருண்டையாக, சாய்வாக, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு, ஆசையாகக் கோலம் போட்டதுபோல இருந்தது. வக்கீல் ஒருநாள் ஒரு மனுவைத் தூக்கிப் பிடித்தார்.

"ஓய், இது யார் எழுத்து?"

"என்னோடதுதாங்க. எடக்கை."

"பொம்மனாட்டி எழுத்து மாதிரின்னா இருக்கு! யாருக்குக் கொடுத்து எழுதி வாங்கறீர்?"

சிரித்துவைத்தேன். அன்று வீட்டுக்குப் போய் அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வலது கையை எடுத்துக்கொண்டவள் இடது கையை எனக்காக வைத்திருக்கிறாள், அதிலும் அவள்தான் எழுதுகிறாள் என்று தோன்றியது. மறுநாள் கையெழுத்தை மாற்ற முயன்றேன். முடியவில்லை.

வேகமும் போயிற்று. ஒரு நாளில் முடிக்கிற நகலுக்கு மூன்று நாள் ஆயிற்று. வக்கீல் இன்னொரு ஆளை வைத்துக்கொண்டார். என்னை அனுப்பவில்லை. ஆனால் புதிதாக வருகிற கட்சிக்காரர்கள் நேராக அந்த ஆளிடம் போனார்கள். என்னிடம் மிச்சம் இருந்தது கெடு நோட்டு மட்டும்தான். அதில் அந்த வருஷம், ஜட்கா வண்டி ஏறிக் கால் ஒடிந்த ஒருவருடைய வழக்கையும் இடது கையால் எழுதினேன். பதினோராம் மாதத்திலேயே ஆளை வரச் சொல்லி, விரட்டி விரட்டிக் கையெழுத்து வாங்கி, கெடுவுக்குள் போட வைத்தேன். வண்டிக்காரர் நஷ்டஈடு கொடுத்துத் தீர்த்துக்கொண்டார். அந்த மனிதர் ஊன்றுகோலோடு வந்து, "சாமி, உங்களாலதான்" என்று என் கையைப் பிடித்தார். மடங்கிய விரல்களைத் தொட்டதும் அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

அடுத்த ஆடி வந்தது. போயும்விட்டது. கயிறு அவிழ்க்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஒரு நாள் காலையில் கோர்ட்டுக்குப் புறப்படும்போது சுவருக்கு மேலே ஏணி ஒன்று முளைத்தது. காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஓர் ஆள் தகரக் கூரையில் ஏறினான். மில்காரர் கூட்டிவந்த எலக்ட்ரிக் வேலைக்காரன். லஷ்கர் மொகல்லாவில் குடியிருக்கும் தமிழன். அவன் கீழே எங்களைப் பார்த்துக் கத்தினான்.

"யாரும் அந்தக் கொடிப் பக்கம் போவாதீங்க சாமி! மேல ஒயரு தோலு உரிஞ்சு தகரத்து மேல படுத்துக்கினு கீது, கொடி கட்டின கொக்கியும் அந்தத் தகரத்தத் தொட்டுக்கினு கீது!"

"தம்பி, சும்மா இரு. அங்க ஒரு…" என்று ஆரம்பித்து, கயிறு ஞாபகம் வந்து நிறுத்தினேன்.

அவன் இறங்கி வந்தான். கையில் ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். ஒரு ஒயரை முற்றத்து ஈர மண்ணில் ஓர் ஆணியோடு குத்தினான். ரப்பர் பிடி போட்ட இன்னொன்றால் கம்பியைத் தொட்டான்.

பல்பு எரிந்தது.

பட்டப்பகலில், வெயிலில், அவன் கையில் அது மஞ்சளாக எரிந்தது. குருவிகள் அதே கம்பியில் உட்கார்ந்திருந்தன. அவன் ஒயரை எடுத்தான், அணைந்தது. வைத்தான், எரிந்தது. மில்லைப் பார்த்து, "மெயின் ஆப் பண்ணு!" என்று கத்தினான். முனகல் நின்றது. பல்பும் அணைந்தது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த மரக்கட்டைக்கு ஏம்மா பூ வெச்சுக்கீறீங்க? அதுல ஒண்ணும் கெடையாது" என்றான் அவன்.

என் மனைவிதான் முதலில் அதைச் சொன்னாள். "ஏனுங்க, அப்ப அந்தப் புள்ள யாரையும் புடிக்கலீங்களா? அவளையுந்தான் இது புடிச்சிருக்குதா?" கையை விடாமல் நின்றபடியே கண் திறந்திருந்தவளைப் பற்றித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். விடு, விடு என்று அவளும் தன் கைக்குச் சொல்லியிருப்பாள். உலக்கையோடு ஓடிவர அவளுக்கு ஆள் இல்லை. செத்ததும் இல்லாமல், ஊரார் வாயில் பேயாகவும் ஆகிவிட்டாள். நானே ஒரு வருஷம் அவளுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். பேய் இல்லை என்று தெரிந்த பிறகு அந்த முற்றம் இன்னும் பயங்கரமாக இருந்தது.

கயிற்றை அங்கேயே அறுத்து எறிந்துவிட்டு வக்கீலிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேய், கொள்ளேகால், பூ, எதையும் விடவில்லை. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

"என்னிக்கு நடந்தது?"

தேதியைச் சொன்னேன். அவர் என் சிவப்பு நோட்டைத் தம் பக்கம் இழுத்து, விரல் விட்டு எண்ணினார்.

"எட்டு நாள், ஓய்! எட்டு நாள் தாண்டிப்போச்சு. இந்த ரூம்லதானே வருஷம் பூரா உட்கார்ந்திருந்தீர்? ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"கேட்டவங்களையும் புடிக்கும்னாருங்க. உங்களைப் புடிச்சுட்டா என்ன பண்றது?"

அவர் குரல் இறங்கிற்று. "ஒரு வழி இருக்கு. மில்காரர் தெரிஞ்சே உம்மை ஏமாத்தி, விஷயம் தெரியாம மறைச்சிருந்தார்னா, உமக்குத் தெரிஞ்ச நாள்லேர்ந்து கெடு. அதாவது இன்னியிலேர்ந்து. அதனால நன்னா யோசிச்சுச் சொல்லும். அன்னிக்கு அவர் ஒயரைப் பத்தி உம்மகிட்ட ஏதாவது சொன்னாரா?"

என் கைக்கான நஷ்டஈடு முழுவதும் அந்த ஒரு கேள்வியில் தொங்கியது. அன்று முற்றத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர். மில்காரர் சொன்னேன் என்பார், நான் இல்லை என்றால் போதும். என் மனைவியும் எனக்காக இல்லை என்பாள். 'இல்லைங்க' என்பது சின்ன வார்த்தைதான். வாயில் வந்தும்விட்டது. ஆனால் அந்த வெளுத்த முகம் சுவருக்கு மேலே தெரிந்தது. தண்ணீருக்குள் உட்கார்ந்து நான் எடுத்த கும்பிடும் தெரிந்தது.

"சொன்னாருங்க. ஒயர் படுதா ஆளை விட்டுப் பாக்கட்டுமான்னு கேட்டாரு. நான்தான் வேண்டாம்னேன்."

"ஆஸ்பத்திரியில?"

"சுடுதண்ணினு சொன்னேனுங்க."

வக்கீல் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். அதில் என் வழக்கு எழுதப்படவே இல்லை. கெடு தாண்டிய வழக்குகளுக்கு ஓரத்தில் ஒரு கோடு போடுவது வழக்கம். கோடு போடக்கூட இடம் கிடையாது. செத்துப்போனவளின் புருஷன், அந்தக் குண்டலுபேட்டைக்காரருக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

அடுத்த வாரம் நாங்கள் வீட்டைக் காலி செய்தோம். சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நிற்கும்போது மில்காரர் வந்தார். என் கையைப் பார்க்காமல் பேச மிகவும் கஷ்டப்பட்டார்.

"மனசுல வெச்சுக்காதீங்க சார்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. அன்னைக்கே சந்தேகம் வந்துதில்ல உங்களுக்கு. நான் வேண்டாம்னாலும் அப்பறமா ஒயரைச் சரி பண்ணியிருக்கலாமே. ஏன் இத்தனை நாளு?"

அவர் வண்டி மாட்டைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பிறகு, என்னைவிட அவருக்குத்தான் ஆச்சரியம் என்பதுபோல் கேட்டார்:

"உடனே சரி பண்ணினா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், ஒரு வருஷம் தாண்டட்டும்னு என் வக்கீல் சொன்னாரு சார். உங்க ஆபீசுல உங்களுக்கு யாரும் சொல்லலையா?"